ஜன்னலுக்கு வைத்த பொட்டு

புருஷன் முத்திருளனின் காக்கிச் சட்டையை ஜெயக்கொடி துவைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கே இல்லை. காலரில் ஒரு கோடுகூட விழவில்லை. ஆனாலும் சோப்புப் போட்டுக் கல்லில் அடித்துப் பிழிந்து, திரும்பவும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். சட்டைப் பையில் குத்தியிருந்த வில்லையை முதலிலேயே கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். தீப்பெட்டி அளவு இருக்கும் அந்த வில்லைக்குள் ஒரு துண்டு ஃபிலிம் உண்டு. வேலை செய்கிறவன் உடம்பில் கதிர் பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாதாமாதம் அதைப் பம்பாய்க்கு அனுப்புவார்கள்.

துவைப்பதற்கு முன்னால் சட்டையை மோந்து பார்ப்பது அவள் வழக்கம். இடி விழுந்த இடத்தில் ஒரு காரமான நெடி வருமே, பிளீச்சிங் பவுடர் கலந்த மாதிரி, அது சட்டையில் ஏறியிருக்கும். கம்பெனியில் அவன் பார்க்கிற மிஷின் ஓடினால் அது இருக்கிற அறைக்குள் காற்றே அப்படி ஆகிவிடும் என்று முத்திருளன் சொல்லியிருக்கிறான். இப்போது வெறும் வியர்வை வாடைதான். ஆயுத பூஜை முடிந்த சில நாளில் நின்றுபோன மிஷின், கார்த்திகை பிறந்தும் ஓடவில்லை. ஆட்கள் மட்டும் உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

பக்கத்துக் கல்லில் பாய் அலசிக்கொண்டிருந்த ரெங்கம்மாள், அதே வளவில் அடுத்த வீட்டில் குடியிருப்பவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.

"ஏன்டி, உக்காந்து எந்திரிச்சு வார மனுசன் சட்டைக்கு எதுக்கு இந்த அடி? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"பழக்கம்க்கா."

"அந்த ஆபரேட்டர் அய்யரு மிஷினக் கெடுத்துப்புட்டாராம்ல? ஊரே பேசுது. படிச்ச ஆளு, இப்பிடியா பண்ணுவாரு?"

ஜெயக்கொடி சட்டையை எடுத்து மறுபடியும் அடித்தாள்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவள் அவள். அப்பன் பேயாண்டிக்கு மானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது. ஒரு வருஷம் பருத்தி போட்டார். புழு விழுந்தது. மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, மூக்கில் துணிகூடக் கட்டாமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாராமல் அடித்தார். அடுத்த வருஷமும் அடித்தார். பிறகு இருமத் தொடங்கினார். தோலில் ஒரு காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆள் மட்டும் கரைந்துகொண்டே போய் ஒரு நாள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனுஷனைத் தின்னும் என்பதை ஜெயக்கொடி பாவாடை கட்டுகிற வயசிலேயே பார்த்துவிட்டாள்.

முத்திருளன் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்தின்போது ஒரு மில்லில் பதிலி வேலை. ஆள் வராத நாளில் கூப்பிடுவார்கள், வந்த நாளில் வாசலோடு திரும்ப வேண்டும். பிறகு திருமங்கலம் ரோட்டில் ஒயர், கேபிள் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் உருளை உருட்டப் போனான். அவனியாபுரத்தில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வளவு வீட்டுக்குக் குடி வந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒயரை முறுக்கு விழாமல், தொய்வு இல்லாமல் ஓடவிடுவதில் கை நிதானம் உள்ளவன் என்று பார்த்து, புதிதாக வந்து இறங்கிய பெரிய மிஷினுக்கு அவனை மாற்றினார்கள். எண்பத்தைந்தில் வந்தது அது. அதற்காக ஒரு கட்டடமே தனியாகக் கட்டினார்கள். சுவர் அஞ்சடிக் கனம்.

புது வேலைக்குப் போன வாரத்தில் முத்திருளன் இரண்டு துண்டு ஒயர் கொண்டுவந்தான். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றைக் குறட்டில் பிடித்து ஸ்டவ் ஜுவாலையில் காட்டினான். மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக் இளகி, மெழுகுபோலச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மற்றதைக் காட்டினான். அது கறுத்தது, புகைந்தது, ஆனால் இளகவில்லை. போர்த்தியது போர்த்தியபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ரெண்டும் ஒரே சரக்குதான் புள்ள. இது மிஷினுக்கு அடியில போயி வந்தது. முட்டைய அவிச்சா திரும்பவும் பச்ச முட்டையாகுமா? அந்த மாதிரி. ரயிலுக்கு, கப்பலுக்கு எல்லாம் இந்த ஒயரத்தான் போடுவாக."

"தீயில அவிக்கிறதா?"

"தீயெல்லாம் இல்ல. மேல இருந்து கரண்டத் துகள் துகளா எறக்குது. கண்ணுக்குத் தெரியாது. ஒயரு கப்பியில ஓடி அதுக்குக் கீழ போயிப் போயி வரும். அவ்வளவுதான்."

ஜெயக்கொடி கருகின துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சூடு ஆறாமல் இருந்தது.

"பிளாஸ்டிக்க இம்புட்டு மாத்துறது, ஒங்க ஒடம்ப மாத்தாதா மச்சான்?"

"அது ஓடுறப்ப நாங்க உள்ளயா இருக்கோம்? சுவத்துக்கு அங்கிட்டு இருக்கோம். கதவு தெறந்தா அதுவா நின்னு போகும். நின்னுட்டா வெறும் இரும்பு. பயப்படாத."

அவன் சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் பேயாண்டியின் மகளுக்கு அது போதவில்லை. பம்பாயிலிருந்து வில்லைக் கணக்கு வரும் மாதங்களில் "என்ன போட்டிருக்கு?" என்று கேட்பாள். "சைபர்" என்பான். "சைபர்னா இல்லைன்னுதான?" என்று மறுபடி கேட்பாள். ஆண் பிள்ளை தங்காததற்கும் அந்த மிஷின்தான் காரணமோ என்று ரெங்கம்மாள் ஒரு தரம் ஜாடையாகச் சொல்லிவைத்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் விளக்குப் போடும்போது, மீனாட்சியிடம் கேட்பதைக் கேட்டுவிட்டு, கடைசியாக அந்த மிஷினையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்வாள். கும்பிடு என்று சொல்ல முடியாது. விட்டுவிடு என்று கேட்பது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தொழிலாளிகளின் குடும்பத்தையும் கம்பெனிக்கு அழைத்திருந்தார்கள். ஜெயக்கொடி பிள்ளைகளோடு போனாள். உருளைகள், உருக்கும் மிஷின்கள், தராசு, லாரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று. எல்லோரும் பொரியும் கடலையும் வாங்க முற்றத்தில் கூடியிருந்த நேரம், அவள் புருஷன் காதருகே போய்ச் சொன்னாள்.

"ஒரு தடவ காட்டுங்க மச்சான். என்னதான்னு நான் பாத்துக்கிர்றேன். பாத்துட்டாப் பயம் போயிரும்."

முத்திருளன் தயங்கினான். சாவி அவனிடம்தான் இருந்தது. உள்ளே கூட்டிப் பெருக்கி, கதவுக்கும் கப்பிக்கும் பொட்டு வைக்கச் சொல்லி கைலாசநாதன் கொடுத்திருந்தார். கைலாசநாதன் அந்த மிஷினின் ஆபரேட்டர். பாலிடெக்னிக் படித்தவர், மூன்று மாதம் வெளிநாட்டில் பயிற்சிக்குப் போய் வந்தவர். சாவியைக் கொடுக்கும்போதே, "முத்திருளா, ஜன்னல் பக்கம் கை போகப்படாது, ஆமா" என்று எப்போதும்போல் சொல்லியிருந்தார்.

"வெரசாப் பாத்துட்டு வந்துரணும்" என்று சொல்லி அவளைக் கூட்டிப் போனான். வளைந்து வளைந்து போகிற நடை. உள்ளே எதிரொலிக்கிற வெற்று அறை. நடுவில் மேலிருந்து ஒரு பெரிய தகரப் பெட்டி, முறத்தைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல் அகன்றுகொண்டே கீழே இறங்கியிருந்தது. அதற்கு அடியில் வரிவரியாகக் கப்பிகள். ஜெயக்கொடி கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் இருந்தன. கதவுக்கு வைத்தவள், கப்பிகளுக்கும் வைத்தாள். அதற்குள் வெளியே பூசணிக்காய் உடைக்க ஆள் தேடி யாரோ, "முத்திருளண்ணே" என்று கத்தினார்கள். "இங்கயே நில்லு, வந்துர்றேன்" என்று அவன் ஓடினான்.

அவள் தனியாக நின்றாள். குனிந்து அந்தப் பெட்டியின் வாயைப் பார்த்தாள். நீளமாக ஒரு பிளவு, அதை மூடி வெள்ளித்தாள் மாதிரி ஒரு தகடு. இந்த வழியாகத்தான் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கப்பிக்கு வைத்தாயிற்று, கதவுக்கு வைத்தாயிற்று, எது என் புருஷனுக்கு நேரே நாளெல்லாம் நெருப்பில்லாத நெருப்பை இறக்குகிறதோ அதற்கு வைக்காமல் வரலாமா? கையை நீட்டி மோதிர விரலால் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள். தகடு விரலுக்கு மெத்தென்று உள்வாங்கியது. "இவரு ரெண்டு பொம்பளப் பிள்ளைக்குத் தகப்பன். ஒன்னும் பண்ணிறாத" என்று சொன்னாள். வாய்விட்டே சொன்னாள்.

வைத்த பொட்டை அழிக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எல்லார் வீட்டு வழக்கம்தான். மறுநாள் மிஷின்களைத் துடைக்கும்போதும் பொட்டுகளை விட்டுவிட்டுத் துடைத்தார்கள். அந்தத் தகட்டை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று நாள் சன்னமான ஒயர்கள் ஓடின. பிறகு ரயில்வேக்குப் போகிற தடித்த கேபிளைப் போட்டு, கதிரின் வேகத்தைக் கூட்டினார்கள். டொப்பென்று ஒரு சத்தம், சுவரைத் தாண்டிக் கேட்டதாம். கதிர் வெளியே வருகிற தகட்டை ஜன்னல் என்பார்கள்; அது கிழிந்துவிட்டது. மிஷினுக்குள் காற்றில்லாமல் வைத்திருந்த குழாய்க்குள் வெளிக்காற்றும் கிழிசலும் பாய்ந்து உள்ளேயிருந்ததை எல்லாம் பாழாக்கிவிட்டன. வெளிநாட்டிலிருந்து சாமான் வர மாதக்கணக்கு ஆகும் என்றார்கள்.

கதிர் ஒரே இடத்தில் நிற்காமல், விசிறி வீசுவதுபோல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் நின்றால் நின்ற இடத்தில் தகடு பொசுங்கிவிடும். அதற்கு முன்பே அலாரம் அடித்து மிஷின் நின்றுவிடும். நிற்காமல் பொசுங்கியிருக்கிறது என்றால் ஆபரேட்டர் அலாரத்தை அமுக்கி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார் என்று பம்பாயிலிருந்து வந்த இஞ்சினியர் முடிவு கட்டினார். கைலாசநாதனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இதையெல்லாம் முத்திருளன் ஒரு சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"அவரு அமுக்கலைங்கிறாரு. எனக்கும் அவரு அப்பிடிப்பட்ட ஆளுன்னு தோணல. ஆனா தகடு ஒரே எடத்துலதான் பொசுங்கியிருக்கு. ரூவாக் காசு அளவுக்கு."

ரசம் ஊற்றப்போன ஜெயக்கொடியின் கரண்டி நின்றது.

"எந்தத் தகடு மச்சான்?"

"ஜன்னல்தான். பெட்டிக்கு அடியில வெள்ளித்தாளு மாதிரி இருக்கும்ல. தலமுடிய விட மெல்லிசு. அதுல ஒரு தூசு ஒட்டுனாலே சூடு ஏறிப் போகும்னு அய்யரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஒரு விரல் கூட..."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் அவன் என்ன கண்டானோ, பிசைந்த கை தட்டிலேயே இருந்தது.

"நான் வச்சேன்" என்றாள் ஜெயக்கொடி. "பொட்டு."

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். மூத்தவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே போய் விளையாடச் சொன்னான். இருட்டப் போகுதுப்பா என்றது பிள்ளை. போ என்றான். அவள் போனதும் கதவைச் சாத்தினான்.

"ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்காத."

"அய்யரு?"

"அவரு படிச்சவரு. இங்க இல்லாட்டி மெட்ராசுக்குப் போவாரு. நான் எங்க போவேன்? திரும்பவும் மில்லு வாசல்லயா நிக்கச் சொல்ற? தை மாசம் பெர்மனென்ட்டுன்னு மேனேஜரு வாயால சொல்லியிருக்காரு. வெளியாள உள்ள கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே கேட்டுக்கு வெளிய தள்ளிருவாக. சஸ்பெண்டெல்லாம் நமக்குக் கெடையாது."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அதிலிருந்து வீட்டில் பேச்சுக் குறைந்தது. வெள்ளிக்கிழமை விளக்குப் போடப் போனவள் பாதி வழியில் திரும்பிவிட்டாள். அங்கே போய் என்னத்தைக் கேட்பது? சோறு வடிக்கும்போது, பிள்ளைக்குத் தலை பின்னும்போது, மோதிர விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து நகக்கண் சிவந்துபோயிற்று. விசாரணையில் முத்திருளனைக் கூப்பிட்டு, பூஜை அன்று உள்ளே யாராவது போனார்களா என்று கேட்டார்களாம். யாரும் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வந்த அன்று அவன் சாப்பிடவில்லை.

ஒரு நாள் முற்பகல், கைலாசநாதனின் மனைவி பட்டு பஸ் ஏறி அவனியாபுரத்துக்கே வந்துவிட்டாள். முன்னே பின்னே இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறார்கள். மூக்குத்தி போட்ட, கலகலவென்று பேசுகிற பெண். அன்றைக்கும் கலகலப்பாகத்தான் ஆரம்பித்தாள்.

"உங்க ஊர் பஸ்ல ஏறினா எறங்கறதுக்குள்ள பாதி எடை கொறஞ்சுடறது ஜெயக்கொடி. வைத்தியரே வேண்டாம்."

"உக்காருங்க மாமி. மோரு தரட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். விசாரணை இன்னும் முடியலை. உங்காத்துக்காரர் அவரைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொன்னா தேவலை. கூட வேலை பாக்கறவர் சொன்னா எடுபடும்."

"சொல்லச் சொல்றேன்."

பட்டு கொஞ்ச நேரம் தன் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். கலகலப்பு வடிந்துவிட்டது.

"வேலை போனாப் போகட்டும்னு சொல்லிட்டேன். எங்கப்பா ஸ்ரீரங்கத்துல இருக்கார், கொஞ்ச நாள் அங்க போலாம்னேன். அது இல்லை விஷயம். ஆத்துல ஸ்விட்ச் போர்டுக்கு முன்னாடி போய் நிக்கறார். லைட்டைப் போடறார், அணைக்கறார். 'பட்டு, நான் இப்ப எந்தக் கையால அணைச்சேன்?'னு கேக்கறார். நான் பாக்கலைன்னா, 'நன்னாப் பாருடி, எனக்குத் தெரியலை'ங்கறார். முதல்ல நான் அமுக்கவே இல்லைன்னார். அப்புறம், ஏதோ ஞாபகத்துல கை போயிருக்குமோன்னார். நேத்திக்கு, 'நான்தான் அமுக்கியிருக்கேன், எனக்குத்தான் மறந்துபோச்சு'ன்னு எழுதிக் கொடுத்துடறேன்னு உக்காந்துட்டார். மனுஷனுக்குத் தன் கை மேலயே நம்பிக்கை போயிட்டா என்ன மிச்சம் சொல்லுங்கோ."

ஜெயக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. "சோறு பொங்குது மாமி" என்று எழுந்துபோனாள். அடுப்பைத் தணித்துவிட்டு, மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது பட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த உலைமூடியின் சூடு உள்ளங்கையில் இரண்டு நாள் எரிந்தது. விசாரணையின் கடைசிக் கூட்டம் வெள்ளிக்கிழமை என்று முத்திருளன் சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, ஜெயக்கொடி தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கைலாசநாதன் குடியிருந்த வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள்.

அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பனியனுக்கு மேல் துண்டு. அவளைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்கோம்மா. முத்திருளன் சௌக்கியமா?" என்றார். விருந்தாளியை விசாரிக்கிற குரல்தான். ஆனால் கண் அவளைத் தாண்டிச் சுவரிலிருந்த ஸ்விட்சில் இருந்தது.

"உக்காருங்கோ" என்றாள் பட்டு. ஜெயக்கொடி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

"சார், நீங்க ஒன்னும் பண்ணல. பூசைக்கு நான் உள்ள போனேன். அந்தத் தகட்டுல சந்தனமும் குங்குமமும் நான்தான் வச்சேன். எங்க வீட்டுக்காரர ஒன்னும் பண்ணிறக் கூடாதுன்னு வச்சேன். அவருக்குத் தெரியாது. பொறவுதான் தெரியும்."

கைலாசநாதன் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"தகட்டிலயா? கப்பியில இல்லையே?"

"தகட்டுல. தொட்டா மெத்துன்னு இருந்துச்சு."

"எந்த எடத்துல? ஓரமாவா, நடுவுலயா?"

ஜெயக்கொடி சுவரில் ஒரு நீளக் கோட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி விரலை வைத்தாள்.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அங்கதான் கிழிஞ்சிருந்தது" என்றார். "பட்டு, நான் அமுக்கலை."

"நான் அதைத்தானே அன்னிக்கேர்ந்து சொல்லிண்டிருக்கேன்" என்ற பட்டுவுக்குக் குரல் உடைந்தது. ஜெயக்கொடி பக்கம் திரும்பியபோது அது வேறு குரலாக இருந்தது. "பொட்டு வைக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா? இத்தனை நாளா எப்படி இருந்தேள் அம்மா? உங்காத்துக்கு வந்து உக்காந்தேனே. உலை பொங்கறதுன்னு எழுந்து போனேளே."

"அது நெசமாவே பொங்குச்சு மாமி" என்றாள் ஜெயக்கொடி. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போறும் பட்டு. காபி போடு. எனக்குப் பசிக்கறது" என்றார் கைலாசநாதன்.

காபி வந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"நாளைக்கு வந்து அங்க சொல்வேளா?"

"சாரு சொன்னாப் போதாதா?"

கைலாசநாதன் தலையை அசைத்தார். அவரால் அதை மென்மையாகத்தான் சொல்ல முடிந்தது.

"நான் சொன்னா நம்ப மாட்டாம்மா. தப்பிக்கறதுக்காகக் கூட வேலை பாக்கறவன் பொண்டாட்டி மேல பழி போடறான்னுவா. உள்ள யாரும் போகலைன்னு முத்திருளன் கையெழுத்துப் போட்டிருக்கான். வந்து சொன்னா நீங்க சொல்லணும், இல்லைன்னா அவன் சொல்லணும். சொன்னா அவன் வேலை போயிடும். அதுவும் எனக்குத் தெரியும். நான் உங்களைக் கூப்பிட மாட்டேன்."

அவர் கூப்பிட்டிருந்தால் மறுத்துவிட்டு வந்திருக்கலாம். பஸ்ஸில் வரும்போது ஜெயக்கொடிக்கு அதுதான் தோன்றிக்கொண்டே இருந்தது.

முத்திருளனிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். அவன் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டு வந்துட்ட" என்றான்.

"நான் என்ன செய்யட்டும்? அந்த மனுசன் தான் பண்ணாததப் பண்ணேன்னு எழுதிக் குடுக்கப் போனாரு மச்சான். கைய விரிச்சு வச்சுக்கிட்டு, இது எங் கைதானான்னு பாத்துக்கிட்டு இருக்காரு."

"நம்ம ரெண்டு பிள்ளைகளும் கைய விரிச்சுக்கிட்டு நிக்கும். அதப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா போன?"

"பாத்துட்டுத்தான் போனேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாவும் அப்பாவும் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த சின்னவள், சோறு கேட்காமல் தானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஜெயக்கொடி தலை வாரி முடிந்தாள். வெளுத்த புடவை ஒன்றை எடுத்து உடுத்தினாள். முத்திருளன் கிளம்பித் தயாராகிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நான் மேனேஜரப் பாத்துச் சொல்லப் போறேன்" என்றாள் அவள். "நான் உங்களுக்குத் தெரியாம உள்ள போனேன்னு சொல்றேன். சாவி வெளிய கெடந்துச்சு, எடுத்தேன்னு சொல்றேன். நம்புனா நம்பட்டும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ப மாட்டாகன்னு எனக்கும் தெரியும். கையெழுத்து இருக்கு. என்னைய அம்புட்டு தூரம் உள்ள விட்டது யாருன்னு கேப்பாக. நான் பொய் சொல்லத் தெரியாம முழிப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க பக்கத்துல இருந்தா ஒரே பேச்சா உள்ளதச் சொல்லிப்புடலாம். அம்புட்டுதான். வேலை போனா ரெண்டு பேரும் கூலிக்குப் போவோம். நான் களையெடுக்காதவளா?"

வெளியே ரெங்கம்மாள் யாரையோ வைதுகொண்டு போனாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. முத்திருளன் சட்டைக் கையை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன் மச்சான். உங்க கூட வாரதா, நான் தனியாப் போறதா?"

அவன் கண் அவள் முகத்துக்கு வரவில்லை.

அவள் நின்றாள். அவன் பேசுவதற்கு வேண்டிய நேரம் நின்றாள், அதற்கு மேலும் நின்றாள். பிறகு சின்னவள் இறைத்துவிட்டுப் போயிருந்த பென்சில் சீவலைக் காலால் ஒதுக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கத் தனியாக வெளியே போனாள்.